பணம் எல்லை தாண்டிப் போய்விட்டதா? வெளிநாட்டுக் காவல்துறையும் கையில் எடுக்கும்படி புகார் கொடுப்பது எப்படி

இணைய மோசடியில் பணத்தை விட்டவர்கள், அது வேறொரு நாட்டு வங்கிக் கணக்குக்குப் போயிருக்கிறது என்று தெரிந்ததும் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "வெளிநாடு போனது போனதுதான், இனி எங்கே கிடைக்கப் போகிறது" என்று விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் நேராக இன்டர்போலுக்கு நீளமாக ஒரு மின்னஞ்சலைத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள். இரண்டுமே வீண்.

இன்டர்போல் பொதுமக்களிடமிருந்து நேரடியாகப் புகார் வாங்குவதில்லை. பிரான்சின் லியோன் நகரில் தலைமையகம், 196 உறுப்பு நாடுகள், எல்லாம் சரி. ஆனால் சினிமாவில் வருவது போல விமானத்தில் பறந்து வந்து கைது செய்யும் அதிகாரிகள் அங்கே கிடையாது. ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் தேசிய மத்தியப் பணியகம் என்று ஓர் அலுவலகம் இருக்கும், அதில் அந்த நாட்டுக் காவலர்களே உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பணியகங்களை இணைக்கிற தொடர்பு வலையும் பொதுவான தரவுத்தளங்களும் ஒருங்கிணைப்பு வேலையும்தான் இன்டர்போல். யூரோபோலும் கிட்டத்தட்ட அப்படித்தான்: ஹேக் நகரில் இருந்துகொண்டு உறுப்பு நாட்டுக் காவல்துறைகளுக்குத் தகவலை அலசிக் கொடுக்கும், அவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கும், கைவிலங்கு மாட்டாது. ஆக, இந்த அமைப்புகளுக்குள் நுழைகிற கதவு உங்கள் ஊர்க் காவல் நிலையமோ உங்கள் நாட்டு சைபர் குற்றப் புகார்த் தளமோதான். அங்கே நீங்கள் எழுதிக் கொடுக்கிற தாள்தான் மேலே மேலே போய், மொழிபெயர்க்கப்பட்டு, உங்களை ஒருபோதும் பார்த்திராத ஓர் அதிகாரியின் கைக்குப் போகப் போகிறது. அதை வைத்து அவரால் ஏதாவது செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் வங்கி, அதுவும் தொலைபேசியில்

காவல் நிலையம் அடுத்தது. பணம் போனது தெரிந்த நிமிடமே உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டு உட்காராதீர்கள், கிளை திறக்கட்டும் என்று திங்கட்கிழமை வரை காத்திருக்கவும் வேண்டாம். மோசடிக் கும்பல்கள் வெள்ளிக்கிழமை மாலையையும் விடுமுறை நாட்களையும் விரும்புவதே நீங்கள் அப்படிக் காத்திருப்பீர்கள் என்றுதான்.

பேசும்போது "தவறுதலாக அனுப்பிவிட்டேன், திரும்பப் பெற முடியுமா" என்று கேட்காதீர்கள். அது வங்கிக்கு வேறு வகைக் கோரிக்கை, அதற்கு வரிசை வேறு, அவசரம் வேறு. "இது மோசடி, திரும்பப் பெறும் கோரிக்கையை மோசடி என்ற காரணத்தோடு உடனே அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள். வங்கிகளுக்கிடையே பணச் செய்திகளைக் கொண்டுபோகும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாகப் போகும் பணத்துக்கு இதற்கென்றே தனிச் செய்தி வடிவம் இருக்கிறது, அதில் காரணக் குறியீடு போடும் இடமும் உண்டு. மோசடி என்று குறித்து வருகிற கோரிக்கையைப் பெறும் வங்கி பார்க்கிற பார்வையே வேறு.

அதே அழைப்பில் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, அந்தப் பரிவர்த்தனையின் யு.இ.டி.ஆர். எண். கோடுகளையும் சேர்த்து 36 எழுத்து நீளத்தில் இருக்கும். பணம் எத்தனை இடைநிலை வங்கிகள் வழியாகப் போனாலும் இந்த எண் மாறாது, கூரியர் பொட்டலத்துக்கு ஒரு தடம் எண் கொடுப்பது போல. இன்னொன்று, பணம் அனுப்பிய முழுச் செய்தியின் நகல். பழையவர்கள் இதை எம்.டி.103 என்பார்கள், புதிய வடிவத்தில் பேக்ஸ்.008. கவுன்டரில் இருப்பவர் தயங்கினாலும் விடாதீர்கள். உங்கள் கையில் இருக்கிற ரசீதில் இல்லாத பல தகவல்கள் அதில் இருக்கும், குறிப்பாக நடுவில் எந்தெந்த வங்கி என்பது.

இதையெல்லாம் செய்தாலும் பெறும் வங்கி பணத்தைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று பொதுவாகக் கட்டாயம் கிடையாது. கணக்கு வைத்திருப்பவரின் சம்மதம், அல்லது அந்த நாட்டுச் சட்டப்படி ஓர் ஆணை, இரண்டில் ஒன்று வேண்டும். மோசடிக்காரன் சம்மதம் தரப்போவதில்லை. அதனால்தான் வங்கியோடு பேசி முடித்த கையோடு காவல்துறைக்குப் போக வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டு தடமும் ஒரே சமயத்தில் ஓடினால் என்ன நடக்கும் என்பதற்கு 2024 ஜூலையில் நடந்த ஒரு வழக்கே போதும். சிங்கப்பூரில் ஒரு சரக்கு வணிக நிறுவனத்துக்கு அதன் சப்ளையரிடமிருந்து ஜூலை 15 அன்று மின்னஞ்சல் வருகிறது: பாக்கித் தொகையைக் கிழக்குத் திமோரில் உள்ள புதுக் கணக்குக்கு அனுப்புங்கள். முகவரி அசல் போலவே இருக்கிறது, எழுத்தில் மட்டும் சின்ன வித்தியாசம். 19ஆம் தேதி 4.23 கோடி அமெரிக்க டாலர் போகிறது. நாலு நாள் கழித்து உண்மையான சப்ளையர் "பணம் வரவில்லையே" என்று கேட்ட பிறகுதான் விஷயம் தெரிகிறது. 23ஆம் தேதி புகார் கொடுக்கிறார்கள். சிங்கப்பூர்க் காவல்துறை இன்டர்போலின் ஐ-கிரிப் என்ற வழியில், அதாவது பணப் பட்டுவாடாவை அவசரமாகத் தடுத்து நிறுத்த நாடுகளுக்கிடையே வைத்திருக்கிற ஏற்பாட்டில், கிழக்குத் திமோரைத் தொடர்புகொள்கிறது. 25ஆம் தேதி 3.9 கோடி டாலர் பிடித்து வைக்கப்பட்டதாகத் தகவல் வருகிறது. பிறகு அங்கே ஏழு பேர் கைது, இன்னும் 20 லட்சம் டாலருக்கு மேல் மீட்பு.

நாலு நாள் தாமதத்துக்குப் பிறகும் அவ்வளவு பணம் அந்தக் கணக்கில் கிடந்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வளவு பெரிய தொகையைச் சத்தமில்லாமல் கலைப்பது சிரமம் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். சின்னத் தொகைகள் சில மணி நேரத்தில் காசு கொடுத்து வாடகைக்கு எடுத்த பிறர் கணக்குகள் நாலைந்துக்குப் பிரிந்து போய்விடும். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. புகார் மையம் வெளிநாட்டுக்குப் போன பணத்தை நிறுத்த இதே மாதிரி ஒரு நடைமுறை வைத்திருக்கிறது. அதற்கு அவர்கள் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, பணம் போய் 72 மணி நேரத்துக்குள் விஷயம் வந்து சேர வேண்டும் என்பது. வங்கி ஸ்விஃப்ட்டில் திரும்பப் பெறும் கோரிக்கை அனுப்பியிருக்க வேண்டும் என்பது இன்னொன்று. எந்த நாட்டில் இருந்தாலும் அந்த 72 மணி நேரத்தை உங்களுக்கான கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிரிப்டோவாகப் போயிருந்தால்

இங்கே திரும்பக் கேட்க வங்கி இல்லை, ஆனால் தடம் அழிவதில்லை. புகாரில் மூன்று விஷயம் கட்டாயம் வேண்டும்: பரிவர்த்தனையின் ஹாஷ் என்ற அடையாளக் குறியீடு, பணம் போன முகவரி, எந்த நெட்வொர்க் என்பது. மூன்றாவதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். "யு.எஸ்.டி.டி. அனுப்பினேன்" என்று மட்டும் எழுதினால் அது ட்ரான் என்ற நெட்வொர்க்கிலா எத்தீரியம் என்ற நெட்வொர்க்கிலா என்று தெரியாமல் ஓர் அதிகாரி தேடிக்கொண்டிருக்க வேண்டும். முகவரியைக் கையால் எழுதவே எழுதாதீர்கள், ஸ்க்ரீன்ஷாட்டாக மட்டும் கொடுக்கவும் வேண்டாம். எழுத்தாக நகலெடுத்து ஒட்டுங்கள், ஏனென்றால் எல்லா எழுத்தும் சரியாக இருந்தால்தான் அந்த முகவரிக்கு அர்த்தம்.

பிட்காயினை யாரும் உறைய வைக்க முடியாது. ஆனால் யு.எஸ்.டி.டி., யு.எஸ்.டி.சி. போன்ற, டாலர் மதிப்போடு பிணைத்த ஸ்டேபிள்காயின்களை, அவற்றை வெளியிட்ட நிறுவனம் ஒரு முகவரியில் அப்படியே முடக்க முடியும், காவல்துறை கேட்டால் செய்தும் இருக்கிறார்கள். அதேபோலப் பணம் ஏதாவது ஒரு எக்ஸ்சேஞ்சுக்குள், அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் நிறுவனத்துக்குள், நுழைந்தால் அங்கே பெயரும் அடையாள ஆவணமும் இருக்கும். பணமோசடித் தடுப்புக்கான சர்வதேச அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப். 2019லேயே தன் விதிகளைக் கிரிப்டோ நிறுவனங்களுக்கும் நீட்டி, அனுப்புகிறவர் பெறுகிறவர் விவரம் பணத்தோடு சேர்ந்து போக வேண்டும் என்று சொல்லிவிட்டது. எல்லா நாடும் ஒரே மாதிரி அமல்படுத்தவில்லை, அது வேறு கதை. நீங்கள் செய்ய வேண்டியது, எந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பினீர்களோ அவர்களிடம் அன்றைக்கே மோசடி என்று டிக்கெட் போட்டு, அந்த டிக்கெட் எண்ணையும் புகாரில் சேர்ப்பது.

புகாரை எழுதுவது

இங்கேதான் பெரும்பாலான வழக்குகள் செத்துப்போகின்றன. பாதிக்கப்பட்டவர் மன வேதனையோடு நாலு பக்கம் எழுதியிருப்பார். எப்படி அறிமுகமானார்கள், எவ்வளவு நம்பினேன், குடும்பத்தில் என்ன நிலைமை, எல்லாம் இருக்கும். நியாயம்தான். ஆனால் வேறொரு நாட்டில் இருக்கிற அதிகாரிக்கு அதில் பிடித்து இழுக்க ஒரு நூல் வேண்டும்: ஒரு கணக்கு எண், ஒரு முகவரி, ஒரு நேரம். முதல் பக்கத்திலேயே அது இருக்கட்டும், கதை இரண்டாம் பக்கத்தில் வரட்டும்.

நேரத்தை எழுதும்போது நேர மண்டலத்தைச் சேர்த்து எழுதுங்கள். "காலை 9:40" என்றால் யாருடைய காலை? உள்ளூர் நேரத்தோடு பக்கத்திலேயே உலகப் பொது நேரமான யு.டி.சி. நேரத்தையும் போட்டுவிடுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். இணைய நிறுவனங்களின் பதிவேடுகள் பெரும்பாலும் யு.டி.சி.யில்தான் இருக்கும். நேரம் சில மணி பிசகினால் ஐ.பி. முகவரி வேறு யாரோ ஒருவருடைய வீட்டைக் காட்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐ.பி. முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே சமயத்தில் பகிர்ந்து கொடுக்கின்றன. அதனால் ஐ.பி.யும் நேரமும் இருந்தால்கூடப் போதாது, ஒரே முகவரியில் ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் வேண்டும். உங்கள் சொந்தச் சர்வரையோ வலைத்தளத்தையோ யாராவது உடைத்திருந்தால் பதிவேட்டில் மூல போர்ட் எண் பதிவாகிறதா என்று இப்போதே பாருங்கள். பல இடங்களில் அது இயல்பாகப் பதிவாவதில்லை, சம்பவம் நடந்த பிறகு பார்த்துப் பலனில்லை.

சமூக ஊடகக் கணக்கு என்றால் திரையில் தெரிகிற பெயர் எதற்கும் உதவாது, அதை நிமிடத்தில் மாற்றிவிடலாம். கணக்கின் முழு இணைப்பு முகவரியை நகலெடுங்கள், முடிந்தால் அந்தக் கணக்கின் எண் அடையாளத்தையும். தொலைபேசி எண் என்றால் நாட்டுக் குறியீட்டோடு. மின்னஞ்சல் என்றால் அதை இன்னொருவருக்கு ஃபார்வர்ட் செய்து அனுப்பாதீர்கள், அப்படிச் செய்தால் அசல் தலைப்புத் தகவல் (ஹெடர்), அதாவது அது எந்தச் சர்வர்கள் வழியாக வந்தது என்ற விவரம், போய்விடும். அசல் செய்தியை முழுத் தலைப்போடு கோப்பாகச் சேமியுங்கள். எல்லா மின்னஞ்சல் சேவையிலும் "அசலைக் காட்டு" என்பது போல ஒரு வசதி எங்காவது ஒளிந்திருக்கும்.

புகாரின் முதல் பக்கத்தில் ஒரு பத்தி இப்படி இருக்கலாம்:

"2025 மார்ச் 14, 09:42 யு.டி.சி. நேரத்தில், என் நிறுவனத்தின் கணக்கிலிருந்து 18,400 யூரோ, கீழே கொடுத்துள்ள ஐபான் (பன்னாட்டு வங்கிக் கணக்கு) எண்ணுக்கு அனுப்பப்பட்டது. யு.இ.டி.ஆர். எண் கீழே. அன்று 13:10க்கு வங்கியில் மோசடி என்று தெரிவித்தேன், வங்கி 13:55க்குத் திரும்பப் பெறும் கோரிக்கை அனுப்பியது, அதன் குறிப்பு எண் கீழே. போலி விலைப்பட்டியல் வந்த மின்னஞ்சலின் முழுத் தலைப்பு இணைப்பு 1. அந்த முகவரி எங்கள் வழக்கமான சப்ளையரின் முகவரியிலிருந்து ஓர் எழுத்து மட்டும் மாறியுள்ளது. பெறும் வங்கியில் பணத்தை நிறுத்தி வைக்கவும், மின்னஞ்சல் சேவை நிறுவனத்திடம் உள்ள தரவை அழியாமல் பாதுகாக்கவும் வேண்டுகிறேன்."

அவ்வளவுதான். இதில் அழுகையும் இல்லை, சாபமும் இல்லை, ஒவ்வொரு வரியிலும் யாரோ ஒருவர் எழுந்து போய்ச் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள், அதில் இரண்டு வேண்டுகோள் இருக்கின்றன. பணத்தை நிறுத்தி வைப்பது பற்றி எல்லோரும் கேட்பார்கள், தரவைப் பாதுகாப்பது பற்றி யாரும் கேட்பதில்லை.

தரவைப் பாதுகாக்கச் சொல்வது ஏன் முக்கியம்

ஒரு நாட்டுக் காவல்துறை இன்னொரு நாட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சலின் உள்ளடக்கத்தை வாங்க வேண்டுமென்றால் பெரும்பாலும் பரஸ்பர சட்ட உதவி என்ற வழியில் போக வேண்டும். புலனாய்வு அதிகாரி எழுதி, அது தலைநகரில் உள்ள மத்திய அலுவலகத்துக்குப் போய், மொழிபெயர்ப்பாகி, எதிர் நாட்டு மத்திய அலுவலகத்துக்குப் போய், அங்கே வழக்கறிஞர் பார்த்து, நீதிமன்றம் பார்த்து... மாதங்கள் ஆகும், வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. அந்தச் செயல் இரண்டு நாட்டுச் சட்டத்திலும் குற்றமாக இருக்க வேண்டும் என்று பல இடங்களில் பார்ப்பார்கள். அதற்குள் நிறுவனத்தின் பதிவேடு தானாக அழிந்துவிடும்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் சைபர் குற்றத்துக்கான புடாபெஸ்ட் ஒப்பந்தத்தில் ஒரு வழி வைத்தார்கள். ஐரோப்பியக் கவுன்சில் 2001 நவம்பரில் கையெழுத்துக்கு வைத்தது, 2004இல் நடைமுறைக்கு வந்தது, ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளும் நிறையச் சேர்ந்திருக்கின்றன. அதன்படி ஒவ்வொரு உறுப்பு நாடும் 24 மணி நேரமும் வாரம் ஏழு நாளும் எடுக்கிற ஒரு தொடர்பு மையம் வைத்திருக்க வேண்டும். இன்னொரு நாட்டு அதிகாரி கூப்பிட்டு "இந்தக் கணக்கின் தரவை அழியாமல் வைத்திருங்கள், முறையான கோரிக்கை பின்னாலே வருகிறது" என்று சொன்னால் அதைச் செய்ய வேண்டும். தரவை உடனே ஒப்படைக்க வேண்டியதில்லை, உறைய வைத்தால் போதும். அப்படி வெளிநாட்டுக்காக வைக்கும்போது குறைந்தது 60 நாளாவது வைத்திருக்க வேண்டும். உள்நாட்டு ஆணைகளுக்கு ஒப்பந்தம் சொல்கிற உச்சவரம்பு 90 நாள், நாடு விரும்பினால் புதுப்பித்துக்கொள்ளலாம். உங்கள் நாடு இந்த ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் கவலைப்பட வேண்டாம், ஜி7 நாடுகள் தொடங்கிய இன்னொரு 24 மணி நேர வலையமைப்பில் இருக்கலாம்.

இதெல்லாம் அதிகாரிகளின் வேலைதானே, நமக்கு எதற்கு என்று கேட்கலாம். உள்ளூர் நிலையத்தில் உங்கள் புகாரை வாங்குகிறவருக்கு இப்படி ஒரு தொலைபேசி எண் தன் நாட்டில் இருப்பதே தெரியாமல் இருக்கலாம், அவரைக் குறை சொல்லியும் பயனில்லை, அவருடைய அன்றாட வேலை வேறு. "தேசிய அளவிலான 24 மணி நேரத் தொடர்பு மையம் வழியாகத் தரவுப் பாதுகாப்புக் கோரிக்கை அனுப்ப வேண்டுகிறேன்" என்று எழுத்தில் இருந்தால், மேலே போகிறபோது யாராவது ஒருவர் கண்ணில் படும்.

புடாபெஸ்டுக்கு 2022இல் இரண்டாம் கூடுதல் நெறிமுறை ஒன்று வந்தது, டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது போன்ற விவரங்களை வெளிநாட்டு நிறுவனத்திடமே நேரடியாகக் கேட்கும் வழியை அது திறக்கிறது. ஐ.நா.வும் தன் பங்குக்கு சைபர் குற்ற ஒப்பந்தம் ஒன்றை 2024 டிசம்பர் 24 அன்று பொதுச் சபையில் ஏற்றது, 2025 அக்டோபரில் ஹனோயில் கையெழுத்துக்கு வைத்தார்கள். 40 நாடுகள் ஏற்புறுதி செய்து 90 நாள் கழிந்தால்தான் நடைமுறைக்கு வரும். சைபர் குற்றம் அல்லாத கடுங்குற்றங்களுக்கும் மின்னணுச் சாட்சியத்தைப் பரிமாறிக்கொள்ள அது இடம் தருகிறது. அந்த அகலம்தான் மனித உரிமை அமைப்புகளைப் பயமுறுத்துகிறது, அரசை விமர்சிப்பதையே கடுங்குற்றம் ஆக்கிவைத்திருக்கிற நாடுகள் இதை எப்படிப் பயன்படுத்தும் என்று கேட்கிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்தும். ஆனால் இன்றைக்கு உங்கள் பணம் போயிருந்தால் இந்த விவாதம் உங்கள் புகாரை ஓர் அங்குலம் நகர்த்தாது, அதனால் மேலே போவோம்.

தனி ஆள் மோசடியா, கும்பலா: இதை எழுதத் தவறாதீர்கள்

சின்னத் தொகை இழந்தவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஒரே ஒரு புகாரில் சில நூறு டாலர் என்றால் எந்த நாடும் வெளிநாட்டுக்குக் கோரிக்கை அனுப்ப மெனக்கெடாது. அதே கணக்குக்கு இருபது பேர் பணம் அனுப்பியிருக்கிறார்கள் என்றால் கதை மாறிவிடும். 2000இல் ஐ.நா. ஏற்ற பலெர்மோ ஒப்பந்தம், ஒருங்கமைந்த குற்றக் குழு என்றால் என்ன என்று வரையறுக்கிறது: மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்த, கொஞ்ச காலம் நிலைத்திருக்கிற, பண ஆதாயத்துக்காகக் கடுங்குற்றம் செய்கிற அமைப்பு. அதிகபட்சத் தண்டனை நாலு வருடமோ அதற்கு மேலோ இருந்தால் அது கடுங்குற்றம். இந்த வரையறைக்குள் ஒரு வழக்கு வந்துவிட்டால் கூட்டு விசாரணை, சொத்து முடக்கம், குற்றம் சாட்டப்பட்டவரை ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் ஒப்படைப்பது என்று பல கதவுகள் திறக்கின்றன.

அதனால் தேடுங்கள். உங்களை ஏமாற்றிய வலைத்தள முகவரியையும் கணக்கு எண்ணையும் கிரிப்டோ முகவரியையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் வேறு யாராவது எச்சரித்து எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தைச் சேமித்துப் புகாரில் இணையுங்கள். வேறு பாதிக்கப்பட்டவர்கள் கிடைத்தால் ஒவ்வொருவரும் தன் ஊரில் தனித்தனியாகப் புகார் கொடுத்துவிட்டு, மற்றவர்களுடைய புகார் எண்களைத் தன்னுடையதில் குறிப்பிடட்டும். எல்லோரும் சேர்ந்து ஒரே புகாராகக் கொடுப்பதைவிட இது நல்லது, காரணம் புகார்கள் வேறு வேறு நாட்டுத் தரவுத்தளங்களில் ஒரே கணக்கு எண்ணோடு ஏறும்போதுதான் இணைப்பு தெரியவரும்.

ஒரு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் மாதக்கணக்கில் அன்பாகப் பேசி முதலீடு செய்ய வைத்தவர், தானே கடத்தப்பட்டு அந்த வேலைக்கு உட்கார வைக்கப்பட்டவராக இருக்கலாம். 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி மோசடி முகாம்களில் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. பேச்சின் நடுவே அவர் எங்கே இருக்கிறார், யார் மிரட்டுகிறார்கள் என்பது போல ஏதாவது நழுவியிருந்தால் அதை அழிக்காதீர்கள், தனியாகக் குறித்துக் கொடுங்கள். உங்களுக்குத் தெரிந்தவரே வெளிநாட்டு வேலை என்று போய் அங்கே மாட்டியிருந்தால், அவருடைய நாட்டுத் தூதரகத்துக்கும் ஊர்க் காவல்துறைக்கும் ஒரே நாளில் எழுதுங்கள், மோசடி வழக்கு என்று எழுதாமல் ஆட்கடத்தல் என்றே எழுதுங்கள். விருப்பப்பட்டுத்தானே போனார் என்று யாராவது சொன்னால், ஏமாற்றி வாங்கிய சம்மதத்துக்கு மதிப்பில்லை என்று பலெர்மோ ஒப்பந்தத்தின் ஆட்கடத்தல் நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது.

ரேன்சம்வேர் என்றால் கொஞ்சம் வேறு

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டால், கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன்னால் நோ மோர் ரேன்சம் தளத்தைப் பாருங்கள். டச்சுக் காவல்துறையும் யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கியது. பூட்டப்பட்ட கோப்பு மாதிரியையும் மிரட்டல் குறிப்பையும் ஏற்றினால் எந்த வகை என்று சொல்லும், திறவுகோல் இருந்தால் இலவசமாகவே கிடைக்கும். இல்லையென்றால் பூட்டிய வட்டை அழிக்காமல் எடுத்து வையுங்கள். 2024 பிப்ரவரியில் பத்து நாடுகள் சேர்ந்து லாக்பிட் என்ற ரேன்சம்வேர் கும்பலின் சர்வர்களைக் கைப்பற்றின. அதே ஆண்டு ஜூனில் தங்களிடம் 7,000க்கும் மேற்பட்ட திறவுகோல்கள் இருப்பதாக எஃப்.பி.ஐ. அறிவித்து, பாதிக்கப்பட்டவர்களை வந்து கேட்கச் சொன்னது. வட்டைத் துடைத்துவிட்டவர்களுக்கு அந்தத் திறவுகோலால் என்ன பிரயோசனம்?

பெரிய கும்பல் பிடிபட்டதாகச் செய்தி வந்தால் உங்கள் மின்னஞ்சல் அதில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2021இல் எமோடெட் என்ற தீநிரல் வலையமைப்பை முடக்கியபோதும், 2023இல் திருட்டுக் கடவுச்சொற்களை விற்ற ஜெனிசிஸ் சந்தையை மூடியபோதும் டச்சுக் காவல்துறை அப்படிச் சரிபார்க்கும் பக்கங்களை வைத்தது.

இரண்டாவது முறை ஏமாறாமல் இருக்க

புகார் கொடுத்துச் சில வாரங்களில் யாராவது உங்களைத் தேடி வருவார்கள். இன்டர்போல் அதிகாரி, பன்னாட்டு மீட்புக் குழு, பிளாக்செயின் நிபுணர் என்று ஏதாவது ஒரு பெயர். உங்கள் பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்கக் கட்டணம் கட்டுங்கள் என்பார்கள். ஏமாந்தவர்களின் பட்டியலைக் கும்பல்கள் ஒன்றுக்கொன்று விற்கின்றன, அதனால்தான் இவர்களுக்கு உங்கள் தொகை முதற்கொண்டு தெரிந்திருக்கும். இன்டர்போல் தனிநபரைத் தொடர்புகொண்டு பணம் கேட்பதில்லை, எப்போதும் கேட்காது. "உங்கள் பேரில் ரெட் நோட்டீஸ் வந்திருக்கிறது" என்று முத்திரையோடு வாட்ஸ்அப்பில் வந்தாலும் அதே கதைதான். ரெட் நோட்டீஸ் என்பது ஒரு நாடு தேடுகிற ஆளைக் கண்டுபிடித்து வைக்கும்படி மற்ற நாட்டுக் காவல்துறைகளுக்கு அனுப்புகிற வேண்டுகோள், அது சர்வதேசக் கைது வாரன்ட்கூடக் கிடையாது, சம்பந்தப்பட்ட ஆளின் கைப்பேசிக்கு யாரும் அதை அனுப்பி வைக்க மாட்டார்கள்.

புகார் கொடுத்த பிறகு

"என் கேஸ் என்ன ஆச்சு" என்று கேட்டால் "விசாரணை நடக்கிறது" என்றுதான் பதில் வரும். தேதி கேட்கிற கேள்வியாகக் கேளுங்கள்: தரவுப் பாதுகாப்புக் கோரிக்கை எந்தத் தேதியில் போனது? எந்த நிறுவனத்துக்கு? அந்தக் கெடு எப்போது முடிகிறது, புதுப்பிக்க ஏற்பாடு உண்டா? பெறும் நாட்டு நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு, அதாவது வங்கிகள் தெரிவிக்கும் சந்தேகப் பரிவர்த்தனைகளை அலசும் அலுவலகத்துக்கு, தகவல் போயிற்றா? பெரும்பாலான நாடுகளின் நிதிப் புலனாய்வுப் பிரிவுகள் எக்மான்ட் குழு என்ற அமைப்பின் வழியாகத் தகவல் பரிமாறிக்கொள்கின்றன, 1995இலிருந்து நடக்கிற ஏற்பாடு, பல நேரங்களில் காவல்துறைக் கடிதத்தைவிட இது வேகமாக ஓடும். பாதுகாப்புக் கெடு முடிவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு நினைவூட்டலை எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிதாக ஏதாவது கிடைத்தால், இன்னொரு கணக்கு எண்ணோ இன்னொரு பாதிக்கப்பட்டவரோ, அதை அதே புகார் எண்ணின் கீழ் கூடுதல் வாக்குமூலமாகக் கொடுங்கள். தனிப் புகாராகக் கொடுத்தால் அது வேறொரு கோப்பாகி வேறொருவர் மேசைக்குப் போய்விடும், அப்புறம் இரண்டையும் சேர்க்க நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.